சப்போர்ட்டட் லிவிங்: ‘ஆதரவு இல்லம்’ அல்ல, குடித்தனம்

இங்கிலாந்தில் வாழும் தமிழர்களுக்காக அச்சாகும் சமூகநலத் துண்டறிக்கைகளில் ‘சப்போர்ட்டட் லிவிங்’ (அறிவுசார் குறைபாடு உள்ளவர் தம் வீட்டிலேயே உதவி பெற்று வாழும் ஏற்பாடு) என்பது ‘ஆதரவு இல்லம்’ ஆகியிருக்கிறது. ஒருமுறை என்றால் அவசரத்தில் எழுதியது என்று விட்டுவிடலாம். இப்போது மொழிபெயர்ப்பாளர் முதல் பெற்றோர் வரை எல்லோர் வாயிலும் அதுவே வருகிறது. இரண்டு சொல்லில் இரண்டையும் தவறாக்க ஒரு திறமை வேண்டும்.

ஆங்கில வேர் எளிது. ‘சப்போர்ட்’ லத்தீன் வழி வந்தது. கீழிருந்து தாங்குவது என்று பொருள். நடைமுறையில், அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் தம் பெயரிலேயே வாடகை ஒப்பந்தம் உள்ள வீட்டில் குடியிருப்பார். குளிக்க, சமைக்க, பணத்தை எண்ணிச் செலவிட, வெளியே போய்வர வேண்டிய உதவி இன்னொரு ஒப்பந்தத்தின் வழியே அந்த வீடு தேடி வரும். கேர் ஹோம் எனப்படுவதில் படுக்கையும் பராமரிப்பும் ஒரே பொட்டலம். இங்கே அவை வேறு வேறு.

முதலில் ‘இல்லம்’. சங்க காலத்தில் அது வீடுதான், மறுக்கவில்லை. இன்றைய தமிழில் முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம் என்று பெயர்ப்பலகை மாட்டிய கட்டடத்துக்கே அது போய்விட்டது. யாரும் ‘என் இல்லத்துக்கு வா’ என்று நண்பனை அழைப்பதில்லை, கல்யாணப் பத்திரிகை தவிர. அதன் முன்னே ‘ஆதரவு’ சேர்ந்தால் காதில் விழுவது ‘ஆதரவற்றோர் இல்லம்’. மகனை அங்கே அனுப்புவதா என்று ஒரு தாய் கண்கலங்கினால் குற்றம் அவருடையதல்ல. இந்த ஏற்பாடு பிறந்ததே அத்தகைய கட்டடங்களை விட்டு வெளியேறத்தான். கார்டிஃப் ஈலி மருத்துவமனையில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு நடந்த கொடுமைகள் பற்றிய விசாரணை அறிக்கை 1969இல் வந்தது. 2011இல் பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ மருத்துவமனையில் ஊழியர்கள் நோயாளிகளை அடித்து வதைத்ததைப் பிபிசி படம்பிடித்துக் காட்டியது. மறு ஆண்டே அங்கிருந்த 11 ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள். எதிலிருந்து தப்பி வந்தார்களோ அதன் பெயரையே புது வீட்டு வாசலில் தொங்கவிடுகிறோம்.

இதில் உணர்ச்சியைவிட வில்லங்கம் பெரிது. இங்கிலாந்தின் பராமரிப்புத் தர ஆணையம் கேர் ஹோமில் கட்டடத்தையும் சேர்த்து ஆய்வு செய்யும். சப்போர்ட்டட் லிவிங்கில் அது மதிப்பிடுவது உடல்சார் உதவி தரும் சேவையை மட்டும். வீடு அதன் கணக்கில் வராது. ‘இந்த இல்லம் நல்ல தரம் என்று போட்டிருக்கிறார்களே, சுவரெல்லாம் ஈரம் ஊறியிருக்கிறதே’ என்று கேட்கும் குடும்பத்துக்கு யாரும் இதைச் சொல்வதில்லை. ஈரச்சுவருக்கு வீட்டுக்காரரைப் பிடிக்க வேண்டும். மாத்திரை தவறினால் உதவி நிறுவனத்தைக் கேட்க வேண்டும். அந்த நிறுவனம் சரியில்லையென்றால் அதை மாற்றிவிட்டு அதே வீட்டில் இருக்கலாம் என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர். ‘இல்லம்’ என்று கேட்டுப் பழகியவர் வாய் திறக்கவே அஞ்சுகிறார். முறையிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நினைக்கிறார்.

‘துணைவாழ்வு’ என்று ஒரு தூயதமிழ் ஆக்கமும் உலவுகிறது. தூய்மைக்கு நான் எதிரியல்ல. ஆனால் வாழ்க்கைத்துணை, துணைவி என்று வழங்கும் மொழியில் அது திருமணப் பொருத்தம் பார்க்கும் நிலையத்தின் பெயர் போலிருக்கிறது.

என் தேர்வு ‘உதவியுடன் குடித்தனம்’. வாடகைக்கு இருப்பவரைக் குடித்தனக்காரர் என்கிறோம். உப்பு புளி வாங்கி வீடு நடத்துவதைக் குடித்தனம் பண்ணுவது என்கிறோம். உரிமை, அன்றாடம் இரண்டும் ஒரே சொல்லில் இருக்கின்றன. தரத்தை அளக்கவும் அது உதவும். வாசல் சாவி யார் கையில்? ஊழியர் கதவைத் தட்டிவிட்டு நுழைகிறாரா? சமையலறைச் சுவரில் பணிமுறை அட்டவணையும் கையெழுத்துப் பதிவேடும் தொங்கினால் அது குடித்தனமா, அலுவலகமா? பிரைட்டனில் ‘ஸ்டே அப் லேட்’ (இரவு நெடுநேரம் விழித்திரு) என்றொரு அமைப்பே உருவானது. ஊழியரின் பணி பத்து மணிக்கு முடிகிறது என்பதற்காக இசை நிகழ்ச்சியிலிருந்து ஒன்பது மணிக்கே உதவி பெறுவோரைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அதை எதிர்த்து எழுந்தது அது.

குடித்தனம் கொச்சையாக ஒலிக்கிறது என்பார்கள். மக்கள் புழங்கும் சொல் என்றாலே நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு மூக்கு சுளிக்கும். இன்னொன்றும் செய்கிறார்கள்: பிரிட்டனில் ‘லேர்னிங் டிசெபிலிட்டி’ என்றால் அறிவுசார் குறைபாடு. இந்தியாவிலோ அது பெரும்பாலும் வாசிப்பில் தடுமாற வைக்கும் டிஸ்லெக்சியா போன்றவற்றைக் குறிக்கும். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இவற்றுக்குத் தனித்தனி வரையறை இருக்கிறது. அதைப் பாராமல் ‘கற்றல் குறைபாடு’ என்று பெயர்த்துவிடுகிறார்கள். சென்னையிலிருந்து வேலைக்குப் போன பராமரிப்பு ஊழியர், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் ஒருவரை எதிர்பார்த்துப் போய், ஆடை உடுத்தவே உதவி தேவைப்படும் ஒருவர் முன்னால் நின்றிருப்பார்.