‘க்னைஃப்’ என்று வாசித்தவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

ஆங்கில உச்சரிப்பு வகுப்பு எடுப்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர், கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ என்ற சொல்லை எழுத்துக்கூட்டி ‘க்னைஃப்’ என்று வாசிப்பார், பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், அப்புறம் அந்த மாதம் முழுக்க அவர் வாயே திறக்க மாட்டார்.

இன்றைய ஆங்கிலத்துக்கு அது தவறு, சரி. ஆனால் அந்த ‘க்’ ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களே சொன்ன ஒலி. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் பேச்சிலிருந்து உதிர்ந்தது, எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது. முழங்காலுக்கு ஆங்கிலத்தில் ‘நீ’, ஜெர்மனில் இன்றும் ‘க்னீ’. இரவைக் குறிக்கும் ‘நைட்’ என்ற சொல்லில் சும்மா நிற்கும் ஜி, எச் எழுத்துகளுக்கும் இதே கதைதான். அங்கே தொண்டையை உரசி வந்த ஒலியை ஜெர்மன்காரர்கள் தங்கள் சொல்லில் இன்னும் விடவில்லை.

ஒலிப்பதிவே இல்லாத காலத்துப் பேச்சு எப்படித் தெரிந்தது? கவிஞர்கள் காட்டிக்கொடுத்தார்கள். ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் 1884 முதல் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த வில்ஹெல்ம் ஃபியெட்டோர், ஷேக்ஸ்பியரின் உச்சரிப்பைப் பற்றி 1906இல் ஒரு நூல் எழுதினார், கவிதைகளில் வரும் இயைபுகளுக்கு, அதாவது வரி முடிவில் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களுக்கு, அகராதியே சேர்த்து. ‘லவ்’, ‘ப்ரூவ்’ இரண்டையும் ஷேக்ஸ்பியர் இயைபாக வைக்கிறார், இன்று நம் காதுக்கு ஒட்டவில்லை, அப்படியானால் அன்று வேறு மாதிரி ஒலித்திருக்கலாம். இயைபை மட்டும் நம்பிவிடவும் கூடாது, கையால் எழுதிய பழைய ஏடுகளின் எழுத்துப்பிழைகள், 1569இல் ஜான் ஹார்ட் போன்றவர்கள் உச்சரிப்பைப் பற்றி எழுதி வைத்தது எல்லாவற்றோடும் ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

ஜெர்மன் இலக்கியத்திலும் இதே தடயம் கிடைக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஜெர்மன் கவிஞர் கதேயின் ஃபாவுஸ்ட் நாடகத்தில் கிரெட்சென் என்ற பெண் மாதாவிடம் அழுது வேண்டுகிறாள், அங்கே ‘நைகெ’ என்ற சொல்லுக்கு ‘ரைஷெ’ என்று முடியும் சொல்லைக் கதே இயைபாக வைக்கிறார். ஏட்டு ஜெர்மனில் இது பொருந்தாது, ஆனால் அவர் பிறந்து வளர்ந்த பிராங்பர்ட் பேச்சில் முதல் சொல்லே ‘நைஷெ’ மாதிரிதான் ஒலிக்கும். எவ்வளவு பெரிய கவிஞர், ஊர்ப் பேச்சை ஒளிக்கவே இல்லை!

ஃபியெட்டோர் 1882இல் புனைபெயரில் ஒரு சிறு நூல் வெளியிட்டார், மொழிப்பாடம் நடத்தும் முறையே தலைகீழாக மாற வேண்டும் என்று. ஒலி முதலில், எழுத்து அப்புறம் என்பது அவர் கட்சி. நம் பிள்ளைகளுக்கு இன்னும் எழுத்தை முதலில் கொடுத்துவிட்டு, எழுத்துப்படி வாசித்தால் சிரிக்கிறோம்.

போன வாரம் ஒரு மாணவி அப்படி வாசித்தபோது, ஆங்கிலச் சொல்லையும் ஜெர்மன் சொல்லையும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்படின்னா ‘ரைட்’ல முன்னாடி நிற்கிற டபிள்யூவையும் அப்போ சொல்லியிருக்காங்களா சார்?” என்று கேட்டார்.

ஆமாம், சொல்லியிருக்கிறார்கள்.