செம்மண்ணிலும் கருமணலிலும் முதல் மெட்டல் டிடெக்டர்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் புது மெட்டல் டிடெக்டரை, வாங்கியபோது இருந்த அமைப்பிலேயே முடுக்கி மணலுக்கு மேல் வீசினால் அது ஓயாமல் கத்தும். தோண்டினால் ஒன்றும் கிடைக்காது. கருவி பழுது என்று முடிவுகட்ட வேண்டாம், அது உண்மையைத்தான் சொல்கிறது. இந்தக் கரை மணலில் இல்மனைட், கார்னெட், ரூட்டைல், சிர்கான், மோனசைட் எல்லாம் கலந்து கிடக்கின்றன. மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அங்கே ஆலை நடத்திப் பிரித்தெடுப்பது இவற்றைத்தான். இல்மனைட்டில் இரும்பு உண்டு. கரையை விட்டு உள்ளே வந்து குலசேகரம், அருமனை, களியக்காவிளை வழியாகக் கேரள எல்லைவரை போனால் செம்மண்ணும் வெட்டுக்கல்லும். அதன் சிவப்பும் இரும்புதான். ஆகவே குமரி மாவட்டத்தில் கருவி பழகுகிறவர் நாணயத்தின் ஒலியைப் படிக்கும் முன் மண்ணின் ஒலியைப் படித்தாக வேண்டும்.

கருவி எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. தண்டின் அடியில் தட்டு போலிருக்கும் பகுதிக்குக் காயில் என்று பெயர். அதற்குள் இரண்டு செம்புக் கம்பிச் சுருள்கள் உண்டு. ஒன்றில் மாறுமின்னோட்டம் ஓடுகிறது. தொடக்கக்காரர்கள் வாங்கும் கருவிகளில் இது பெரும்பாலும் 5 முதல் 20 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அது உண்டாக்கும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கி அங்கிருக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை எழுப்பும். அதைக் கேட்பது இரண்டாவது சுருளின் வேலை. அனுப்பும் சுருளின் நேரடிக் கூச்சல் கேட்கும் சுருளில் விழாதபடி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று கணக்காகப் பொருத்தியிருப்பார்கள். 1881-ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் கொண்டுபோன கருவியும் இதே சமநிலைக் கொள்கையில் அமைந்ததுதான். படுக்கையிலிருந்த உலோகச் சுருள்கள் அவரைக் குழப்பின. மருத்துவர் தேடச் சொன்ன பக்கமும் தவறு.

உலோகத்தின் பதில் உடனே வருவதில்லை, சற்றுப் பிந்தி வருகிறது. எவ்வளவு பிந்துகிறது என்பதை வைத்தே கருவி பொருளை இனம் பிரிக்கிறது. தடித்த, நன்றாக மின்கடத்தும் பொருளில் சுழல் மின்னோட்டம் நீடித்து ஓடும், அதனால் பின்னடைவு அதிகம். வெள்ளி, செம்புக் காசுகள் திரையில் உயர்ந்த எண்ணைக் காட்டுவது இதனால்தான். மெல்லிய அலுமினியத் தாள், சின்னத் தங்க மோதிரம் ஆகியவற்றில் அது சீக்கிரம் அடங்கிவிடும், எண்ணும் தாழ்ந்திருக்கும். இரும்பு காந்தமாகிப் பதில் சொல்வதால் அளவின் அடிப்பக்கத்தில் நிற்கும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: திரையில் தெரியும் எண் உலோகத்தின் பெயரைச் சொல்வதில்லை. கடத்துதிறன், தடிமன், வடிவம் மூன்றும் சேர்ந்த விளைவு அது. ஒரு தங்க மோதிரமும் குளிர்பான டின்னின் இழுப்பு வளையமும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். இரண்டையும் தோண்டித்தான் ஆக வேண்டும்.

இந்தியாவில் பழகுகிறவருக்கு இன்னொரு சிக்கல். 'இரும்பைத் தவிர்' என்ற டிஸ்கிரிமினேஷன் அமைப்பை முதல் நாளே போட்டுவிடச் சொல்லும் செய்முறை வீடியோக்கள் வெளிநாட்டுக் காசுகளை வைத்து எடுக்கப்பட்டவை. நம் 10, 25, 50 பைசாக்கள் 1988 முதலும், ஒரு ரூபாய் 1992 முதலும் காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வந்தன. இரும்பை ஒதுக்கினால் இவையும் ஒதுங்கிப் போகலாம், அல்லது எண் நிலையில்லாமல் தாவலாம். பழகும் காலத்தில் எல்லா உலோகத்தையும் ஒலிக்கவிட்டு, ஒலியின் வேறுபாட்டைக் காதால் பிரிக்கக் கற்பதே சரி. ஹெட்போன் கட்டாயம் வேண்டும். ஆழத்தில் கிடப்பதன் மெல்லிய ஒலி காற்றிலும் அலையிலும் காணாமல் போய்விடும்.

இனி மண். செம்மண்ணும் கருமணலும் காந்தமாகிப் பதில் சொல்கின்றன. அந்தப் பதில் காசின் பதிலைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் ஓர் இடத்து மண் ஏறக்குறைய ஒரே பின்னடைவோடு பதில் சொல்லும். அந்தப் பின்னடைவைக் கண்டுபிடித்து, அதோடு வருவதை மட்டும் கேளாமல் விடுவதற்குத்தான் கிரவுண்ட் பேலன்ஸ். செய்முறை இது. முதலில் எல்லா உலோக நிலையில் வைத்து, அடியில் எதுவும் இல்லாத இரண்டடி இடத்தைக் கண்டுபிடியுங்கள். காயிலைத் தரைக்கு இணையாகப் பிடித்து, 3 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 30 சென்டிமீட்டர்வரை மேலும் கீழுமாக ஏற்றி இறக்குங்கள். தானாகச் சமன்செய்யும் கருவியில் பொத்தானை அழுத்திக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். கையால் திருப்பும் கருவியில், ஏறும்போதும் இறங்கும்போதும் ஒலி ஒரே அளவில் நிற்கும்வரை எண்ணை மாற்ற வேண்டும். கிடைத்த எண்ணைக் குறித்து வையுங்கள். 0 முதல் 99 வரை அளவுள்ள சில கருவிகளில் ஈர உப்பு மணல் அடியிலும், செம்மண் நடுவிலிருந்து சற்று மேல்வரையும், கருமணல் உச்சியை ஒட்டியும் நிற்கும். ஒரே தோப்புக்குள்ளும் இந்த எண் மாறும். மண்ணின் நிறம் மாறும் இடத்தில் நின்று மறுபடி சமன் செய்யுங்கள்.

ரப்பர் தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் சருகைக் கூட்டி எரித்த இடங்கள் தனியாகக் கத்தும். சூடுபட்டதும் செம்மண்ணின் இரும்புச் சேர்மங்கள் பலமான காந்தத் தன்மையுள்ள மேக்கெமைட்டாக மாறுகின்றன. இந்த நுண்ணிய துகள்கள் காந்தமாவதிலும் சற்றுப் பிந்துவதால் உலோகம்போலவே ஒலிக்கும். செங்கல் துண்டும் வெட்டுக்கல் சில்லும் இப்படித்தான். பிரித்தறிய வழி உண்டு: காயிலை மெல்ல உயர்த்துங்கள். உலோகத்தின் ஒலி படிப்படியாகக் குறையும், கல்லின் ஒலி பெரும்பாலும் சட்டென்று அறுந்துவிடும். நூறு விழுக்காடு நம்பத் தக்கதல்ல, என்றாலும் பாதிக் குழிகளையாவது மிச்சப்படுத்தும்.

ஒலி கேட்கவில்லையே என்று சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, உச்சத்துக்கு ஏற்றுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. அதனால் ஆழம் கிடைப்பதில்லை. காயிலிலிருந்து விலக விலகக் காந்தப்புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் தேய்கிறது, திரும்பி வரும் பதிலும் அப்படியே தேய்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஆறாம் அடுக்கு. அதாவது ஆழம் இருமடங்கானால் கிடைக்கும் சைகை 64-ல் ஒரு பங்கு. மண்ணின் கூச்சலோ அதே அளவில் இருக்கும். 28 சென்டிமீட்டர் காயில் நல்ல மண்ணில் ஒரு காசை 20 சென்டிமீட்டர் ஆழத்தில் பிடித்தால், இந்தச் செம்மண்ணில் அது பாதியாகக்கூடக் குறையும். சென்சிட்டிவிட்டியைக் குறைத்து, கருவி அமைதியாகும் இடத்தில் நிறுத்துவதே இங்கே அதிக ஆழம் தரும். சிறிய காயில் ஒரே நேரத்தில் குறைந்த மண்ணைப் பார்ப்பதால் குப்பை நிறைந்த இடத்திலும் கனிமம் மிகுந்த மண்ணிலும் நன்றாக வேலை செய்யும்.

கூச்சலுக்கு மண்ணைத் தவிரவும் காரணங்கள் உண்டு. காட்டோரத் தோட்டங்களில் பன்றிக்கும் யானைக்கும் கட்டிய சோலார் வேலி ஏறக்குறைய ஒரு விநாடிக்கு ஒரு துடிப்பை அனுப்பும். காயிலை அசைக்காமல் பிடித்தாலும் ஒரே தாளத்தில் 'டிக் டிக்' என்றால் வேலிதான். அதிர்வெண்ணைச் சற்று மாற்றுங்கள் அல்லது தள்ளிப் போங்கள். மேலே போகும் மின்கம்பி, தண்ணீர் மோட்டார், சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி ஆகியவையும் தொந்தரவு தரும். காயிலின் வயர் தண்டில் இறுகச் சுற்றப்படாமல் தொங்கினாலும் வீசும்போதெல்லாம் பொய்யொலி வரும். காயில் உறைக்குள் கருமணல் புகுந்து தங்கினாலும் அப்படியே. கடற்கரையிலிருந்து வந்ததும் உறையைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

பழக வீட்டு முற்றம் போதும். பழைய பித்தளைக் காசு, ஒரு ரூபாய், இரும்பு ஆணி, பாட்டில் மூடி, அலுமினியத் தாள் உருண்டை ஆகியவற்றை 5, 10, 15 சென்டிமீட்டர் ஆழங்களில் ஒரு முழ இடைவெளி விட்டுப் புதைத்து, மரக்குச்சியால் அடையாளம் வையுங்கள். காயிலைத் தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், வீச்சின் இரு முனைகளிலும் தூக்காமல், ஒரு வீச்சுக்கு இரண்டு விநாடி என்ற வேகத்தில் நடத்துங்கள். அடுத்த வீச்சு முந்தையதன் பாதியை மூட வேண்டும். ஒலி கிடைத்தால் 90 பாகை திரும்பி நின்று மறுபடி வீசுங்கள். இரண்டு திசையிலும் ஒரே எண் வந்தால் தோண்டலாம். ஒரு திசையில் மட்டும் கேட்டால் பெரும்பாலும் ஆணி, அல்லது ரப்பர் மரத்தில் சிரட்டையைத் தாங்கிய கம்பி. வீச்சுக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் பொருளின் இடம். மண்ணை மூன்று பக்கம் வெட்டி, நான்காம் பக்கத்தைக் கீல் மாதிரி விட்டுத் திருப்புங்கள். குழிக்குள் கைப்பின்பாயிண்டரால், அதாவது கையில் பிடிக்கும் சிறு டிடெக்டரால், தேடி எடுத்தபின் மண்ணை அப்படியே மூடி மிதித்துவிடுங்கள். வேரும் புல்லும் பிழைக்கும்.

சட்டத்தையும் கையோடு தெரிந்துகொள்ள வேண்டும். தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். சிதறால் மலை, வட்டக்கோட்டை போன்று தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் உரிமமின்றித் தோண்டுவதை 1958-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே, கண்டெடுத்தவர் பொருளின் விவரம், இடம், நாள் ஆகியவற்றை எழுத்தில் கலெக்டருக்குத் தெரிவித்து, அதைக் கருவூலத்தில் ஒப்படைக்கவோ உத்தரவாதம் கொடுக்கவோ வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம். எல்லையைத் தாண்டினால் கேரளத்துக்கு 1968-ல் இயற்றிய தனிச் சட்டம் உண்டு. குமரி மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூரையும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்தது, ஆகவே திருவிதாங்கூர்க் காசான செம்புச் சக்கரம் தட்டுப்படுவது நடக்கக்கூடியதே. கிடைத்தால் தேய்த்துக் கழுவாதீர்கள். கிடந்த இடத்தைப் படமெடுத்து, அதற்கு மேல் தோண்டாமல் தெரிவியுங்கள். எந்த ஆழத்தில், எதோடு கிடந்தது என்ற விவரம் அழிந்துவிட்டால் ஆய்வாளருக்கு அந்தக் காசு பாதி ஊமை.

ஊரில் இந்தக் கருவிக்கு உண்மையான தேவை தொலைந்த நகையைத் தேடுவதிலும், அறுவை மில்லில் வாள் போடும் முன் மரத்தில் ஆணி இருக்கிறதா என்று பார்ப்பதிலும்தான். ஆணி பார்க்கக் கைப்பின்பாயிண்டரே போதும். நகை கடினம். மூடிய வளையமான மோதிரம் நன்றாக ஒலிக்கும், மெல்லிய சங்கிலி ஒலிக்காது. அதன் கண்ணிகள் ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு வளையமாக நடந்துகொள்வதால் கருவி சங்கிலியை முழுதாகக் காண்பதில்லை. அது பிடிப்பது கொக்கியை அல்லது தாலியைத்தான். ஈரக் கடல்மணலில் இது இன்னும் மோசமாகும். உப்புநீரின் பதில் மெல்லிய தங்கத்தின் பதிலை ஒட்டியே வருவதால், ஒரே அதிர்வெண்ணில் ஓடும் கருவியில் உப்பை அடக்கினால் தங்கமும் அடங்கிவிடும். கருமணலின் பதிலோ வேறு திசையில் இருக்கிறது, ஒரே சமனால் இரண்டையும் அடக்க முடியாது. பல அதிர்வெண்களை ஒருசேர அனுப்பும் கருவி இரண்டையும் ஒப்பிட்டுக் கழிக்கும். பல்ஸ் வகைக் கருவி துடிப்பை நிறுத்திச் சில மைக்ரோவிநாடிகள் காத்திருந்து கேட்பதால் உப்பின் பதில் அதற்குள் அடங்கிவிடும், ஆனால் இரும்பையும் தங்கத்தையும் அதனால் நன்றாகப் பிரிக்க முடியாது. அதிர்வெண் ஒன்றே உள்ள கருவிதான் கையில் இருக்கிறது என்றால் நீர் வற்றும் நேரம் பார்த்து, காய்ந்த மணலில் தொடங்குங்கள். கயிறு கட்டி ஒரு மீட்டர் அகலப் பட்டைகளாகப் பிரித்து, முதலில் நீளவாக்கிலும் பிறகு குறுக்காகவும் தேடுங்கள். டிஸ்கிரிமினேஷனை முழுவதும் நீக்கிவிட்டு, தாழ்ந்த எண்ணில் வரும் சின்ன ஒலி ஒவ்வொன்றையும் தோண்டுங்கள்.