மருட்காளான்

மலையில் மழை பெய்து ஓய்ந்ததும் “போதைக் காளான்” என்ற சொல் நம் செய்தித்தாள்களில் தலைகாட்டும். கொடைக்கானல் பக்கம் யாராவது பிடிபட்டிருப்பார்கள். தின்றவர் மனத்தை மயக்கும் காளான் அது. “மேஜிக் காளான்” என்றும் எழுதுகிறார்கள். இரண்டு பெயருமே அந்தப் பொருளுக்குப் பொருந்தவில்லை. மருட்காளான் என்பதே சரியான தமிழ் என்று நான் கருதுகிறேன். காரணத்தைக் காளானிலிருந்தே தொடங்குகிறேன்.

காளானுக்குப் பழைய பெயர் ஆம்பி. சிறுபாணாற்றுப்படையில் ஓர் ஏழைப் பாணனின் அடுக்களை வருகிறது: “காழ்சோர் முதுசுவர்க் கணச்சிதல் அரித்த பூழி பூத்த புழற்கா ளாம்பி.” கழி நழுவிய பழஞ்சுவரைக் கறையான் அரித்துக் கொட்டிய புழுதியில், உள்ளே துளையுள்ள காளான் பூத்திருக்கிறது. புறநானூற்றின் 164-ஆம் பாட்டில் பெருந்தலைச்சாத்தனார் தம் வறுமையைக் குமணனிடம் சொல்லும்போது, சமைப்பதையே மறந்த அடுப்பில் “ஆம்பி பூப்ப” என்கிறார். குமணனின் முதிரமலை நம் உடுமலைப்பேட்டைப் பக்கத்து மலைதான் என்று கருதுவோர் உண்டு.

இந்த வரியை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். அடுப்பு எரிந்தால் ஆம்பி வராது. தீ அணைந்து, பல நாள் கடந்து, சாம்பல் ஈரம் வாங்கிக் குளிர்ந்து கிடந்தால்தான் வரும். ஒரு வீட்டின் பட்டினியைப் புலவர் ஈரத்தை வைத்து அளந்திருக்கிறார். “பூப்ப” என்ற வினையும் துல்லியமானது. காளானின் உடல் மண்ணுக்குள்ளோ மட்கிய மரத்துக்குள்ளோ நூல் நூலாக ஆண்டு முழுவதும் வாழ்கிறது. ஈரமும் வெப்பமும் ஏற்றபடி அமைந்த சில நாள்களில் மட்டும் அது வித்துத் தூவுவதற்காகக் குடையை வெளியே அனுப்புகிறது. நாம் காளான் என்று பறிப்பது அந்தக் குடையைத்தான். ஆகவே முளைத்தது என்பதைவிடப் பூத்தது என்பதே உண்மைக்கு அருகில் இருக்கிறது. பழைய சோற்றில் பூசணம் பூத்துவிட்டது என்று இன்றும் சொல்கிறோமே, அதே வினைதான்.

கொங்கு நாட்டில் இந்தப் பூப்பு இடத்துக்கு இடம் நாள் மாறும். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றை மறித்து நிற்பதால் கோவைச் சமவெளிக்கு ஆண்டில் ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிறது. அதே மாவட்டத்தின் வால்பாறையில் ஆடி மழையே கொட்டித் தீர்க்கும். ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். வளர்க்கும் காளானிலும் இந்த வேறுபாடு தெரியும். மொட்டுக் காளானுக்கு ஊட்டிக் குளிர் ஏற்றது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 என்ற பால் காளான் சமவெளி வெயிலைத் தாங்கும்.

என் அம்மிச்சி தோட்டத்து வேலியோரப் புற்றுக்கு, நல்ல மழை பெய்த மறுநாள் விடியலில் முறத்தோடு போவார். கறையான்கள் தம் கூட்டுக்குள் வளர்க்கும் பூஞ்சைதான் அங்கே புற்றுக்காளானாக வெளிவருகிறது. எருக்குழி ஓரத்திலும் சில பூத்திருக்கும். நான் கை நீட்டினால், “அது ஆகாது கண்ணு” என்று கையைத் தட்டிவிடுவார். நஞ்சையும் மயக்கத்தையும் அவர் பிரித்துப் பேசியதில்லை. இரண்டுக்கும் “ஆகாத காளான்” என்ற ஒரே பெயர்தான். அந்த எச்சரிக்கையில் நியாயம் உண்டு. ஈரலை அழிக்கும் நஞ்சுள்ள சிறு பழுப்புக் காளான்களையும் மனத்தை மயக்குபவற்றையும் கண்ணால் பார்த்துப் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே கடினம்.

மனத்தை மயக்கும் காளான்களும் ஒரே இனம் அல்ல. ஐரோப்பாவின் குளிர்ந்த புல்வெளியில் இலையுதிர் காலத்தில் பூப்பது ஒன்று. வெப்ப நாடுகளில் மழைக்காலச் சாணத்தை நம்பி வாழ்வது இன்னொன்று. வெள்ளைப் புள்ளியிட்ட சிவப்புக் குடைக் காளான் பைன், பிர்ச் போன்ற மரங்களின் வேரோடு கூடி வாழ்வது. அந்த மரங்கள் நிற்க முடியாத வெப்ப நிலத்தில் எவ்வளவு மழை பெய்தாலும் அதற்கு இடமில்லை. வடக்கே குளிர் நாடுகளில் காளான் பூப்பதற்குச் சொல்லும் மாதக்கணக்கு நமக்குப் பொருந்தாததற்கு இதுவே காரணம்.

“மேஜிக்” ஒட்டிக்கொண்டது அண்மையில்தான். மெக்சிகோவின் மசடெக் மக்கள் நோய் தீர்க்கும் இரவுச் சடங்கில் மனத்தை மயக்கும் காளான் ஒன்றை உண்டார்கள். மரியா சபினா என்ற மசடெக் மருத்துவச்சி நடத்திய அப்படியொரு சடங்கில் கலந்துகொண்ட அமெரிக்கர் கார்டன் வாசன் 1957 மே மாதம் ‘லைஃப்’ இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பால் அந்தப் பெயர் உலகெங்கும் பரவியது. மறு ஆண்டே சுவிஸ் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் அந்தக் காளானிலிருந்து சைலோசைபின் என்ற மயக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். அந்தச் சொல் காளான் இனத்தின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. மொட்டைத் தலை என்பது அதன் பொருள்.

“போதை” ஏன் பொருந்தாது? கள்ளுக்கும் சாராயத்துக்கும் கஞ்சாவுக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். இந்தக் காளான் செய்வது வேறு: இல்லாததை இருப்பதாகக் காட்டும், சுவரை அசைய வைக்கும், காலத்தை நீட்டும். இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் சைலோசைபினை அபின் வகையோடு சேர்க்காமல், மனநிலையை மாற்றும் பொருள்களின் பட்டியலில் வைத்துத்தான் தடை செய்திருக்கிறது.

இல்லாததை இருப்பதாகக் காண்பதற்குத் தமிழில் சொல் உண்டு. “பொருளல்ல வற்றைப் பொருளென் றுணரும் மருள்” என்று வள்ளுவர் 351-ஆம் குறளில் அதற்கு விளக்கமே தந்துவிட்டார். இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. நம் மாரியம்மன் நோம்பியில் சாமி வந்து ஆடுபவரை மருளாளி என்கிறோம். மசடெக் மக்கள் அந்தக் காளானைத் தெய்வத்தோடு பேசும் வழியாக மதித்தவர்கள். மயக்கம், தெய்வம் ஏறுதல் என்ற இரண்டு பொருளையும் தாங்க மருள் என்ற ஒரு சொல்லுக்கு முடிகிறது. போதைக்கும் மேஜிக்குக்கும் முடியாது.

புணர்ச்சியில் சிக்கல் இல்லை. அருள், கொடை சேர்ந்து அருட்கொடை ஆவதுபோல மருள், காளான் சேர்ந்து மருட்காளான் ஆகும். பேச்சில் மருள் காளான் என்று பிரித்துச் சொன்னாலும் குற்றமில்லை. வினை மட்டும் பழையதே இருக்கட்டும்: மருட்காளான் பூத்தது.