ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்து: உண்மைக்கும் நட்புக்கும் நடுவில் நிற்கும் பிள்ளைகளுக்கு எப்படித் துணை நிற்பது?

காலாண்டுத் தேர்வும் அரையாண்டுத் தேர்வும் முடிந்து ரேங்க் கார்டு கொடுக்கப்படும் வாரங்களில், பள்ளி மனநல ஆலோசகராகிய என்னிடம் தவறாமல் வந்து சேரும் ஒரு புகார் உண்டு. பிள்ளை தானே அப்பாவின் கையெழுத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டது என்பதே அது. "மார்க் குறைந்ததுகூடப் பரவாயில்லை, இந்த வயதிலேயே ஏமாற்றக் கற்றுக்கொண்டுவிட்டானே" என்று பெற்றோர் கலங்குவார்கள். அந்தக் கலக்கம் உண்மையானது. ஆனால் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசும்போது வெளிவருவது பெரும்பாலும் வேறொரு கதையாக இருக்கிறது. செய்தது தவறு என்று அந்தப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்த மாலையில், இன்றிரவு அப்பாவிடம் வாங்கப்போகும் அடியையும் நாளைக் காலை வகுப்பில் நிற்கப்போகும் அவமானத்தையும் எடைபோட்டுப் பார்த்து, இரண்டிலிருந்தும் தப்பிக்க ஒரே ஒரு சந்துதான் இருப்பதாக அது முடிவுசெய்திருக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு வாய்மையின் பெருமையைப் பற்றி இன்னொரு முறை எடுத்துச் சொல்வதில் பயனில்லை. உண்மையைச் சொன்னால் நம் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது, இத்தனை காலப் பணியில் எனக்கு உறுதிப்பட்டுள்ள கருத்து.

விக்டோரியா தல்வார், காங் லீ என்ற இரு ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில், பிரம்படி வழக்கமாக இருந்த ஒரு பள்ளியிலும் அப்படி இல்லாத வேறொரு பள்ளியிலும் படித்த மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம், பின்னால் இருக்கும் பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பெரியவர் அறையைவிட்டு வெளியேறினார். இரு பள்ளிகளிலும் பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தாயா என்று கேட்டபோது, பிரம்படிப் பள்ளியின் பிள்ளைகள்தான் அதிகமாகப் பொய் சொன்னார்கள். அந்தப் பொய் வெளிப்பட்டுவிடாமல் காப்பாற்றிக்கொள்வதிலும் அவர்களே தேர்ந்தவர்களாக இருந்தார்கள். ஆசையை அடக்க உதவாத அந்தக் கண்டிப்பு, செய்ததை மறைப்பதற்கு மட்டும் நன்றாகப் பயிற்சி கொடுத்திருந்தது.

வீட்டில் இன்றே மாற்றக்கூடியது, நாம் கேட்கும் கேள்வி. சுவரில் கிறுக்கல் இருக்கிறது, பிள்ளையின் கையில் ஸ்கெட்ச் பேனா இருக்கிறது, அப்போதும் "யார் கிறுக்கியது?" என்று கேட்கிறோம். விடை தெரிந்தே கேட்கப்படும் அந்தக் கேள்வி, பிள்ளையைப் பொய் சொல்ல அழைக்கும் கேள்வி. "சுவரில் கிறுக்கியிருக்கிறாய், துணியை எடுத்து வா, துடைக்கலாம்" என்று சொன்னால் பொய்க்கு அங்கே இடமே இல்லை. பிள்ளை தானாக வந்து ஒரு தவறைச் சொன்னால், சொன்னதற்கான மதிப்பை முதலில் கொடுத்துவிட்டு, தவறுக்கான பொறுப்பைப் பிறகு பேச வேண்டும். அப்படியானால் எதையும் தண்டிக்கவே கூடாதா என்று பல தந்தையர் கேட்பதுண்டு. உடைத்ததை ஒட்டவைப்பதும், எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும், புண்பட்டவரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்பதும் விளைவுகள்தாம். அவற்றில் ஒன்றையும் தளர்த்த வேண்டியதில்லை. அடியும் அவமானப்படுத்துதலும் மட்டுமே வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆவது பிரிவில், பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்திருக்கிறது. பள்ளியில் கூடாதது வீட்டில் மட்டும் எப்படிச் சரியாகும்?

நம் கண்டிப்பின் அளவுகோலும் பிள்ளைகளைக் குழப்புகிறது. ழான் பியாஜே என்ற உளவியலாளர் 1932இல் வெளியான தம் நூலில் இரண்டு சிறுவர்களின் கதையைச் சொல்லிக் குழந்தைகளின் தீர்ப்பைக் கேட்டார். ஒருவன் கதவைத் திறந்தபோது, பின்னால் கோப்பைகள் இருப்பது தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்துவிடுகிறான். இன்னொருவன் அம்மாவுக்குத் தெரியாமல் ஜாம் எடுக்க ஏறி ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். சிறு குழந்தைகள் பலர் 15 உடைத்தவனையே பெரிய குற்றவாளி என்றார்கள். வளர்ந்த பிள்ளைகள்தாம் நோக்கத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். நம் வீடுகளில் கைதவறி விழுந்த செல்போனுக்கு அடி விழுகிறது. தம்பியைத் தினமும் "குண்டன்" என்று சொல்லி அழவைப்பதோ விளையாட்டு என்று விடப்படுகிறது. நோக்கத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையை, விலையைப் பார்க்கும் பழைய நிலைக்கே நாம் இழுத்துவிடுகிறோம்.

பெரியவர்கள் சொல்லும் பொய்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம் அரசுப் பேருந்துகளில் 5 வயது வரை டிக்கெட் இல்லை, அதன்பின் 12 வயது வரை அரை டிக்கெட். ஆறு வயதுப் பிள்ளையிடம், "கண்டக்டர் கேட்டால் நாலு வயசுன்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுத்து ஏறும் குடும்பங்கள் எத்தனையோ. கடன்காரரோ வேண்டாத உறவினரோ அழைத்தால், "அப்பா வீட்ல இல்லன்னு சொல்லிடு" என்று போனைப் பிள்ளையின் கையில் கொடுப்பதும் அதே வகைதான். கலிஃபோர்னியாவில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர் ஒருவர் தங்களிடம் பொய் சொல்லியிருப்பதை அனுபவித்த 5 முதல் 7 வயதுப் பிள்ளைகள், பிறகு தடையை மீறி எட்டிப் பார்ப்பதும் அதைப் பற்றிப் பொய் சொல்வதும் அதிகமாக இருந்தது. சில ரூபாய் டிக்கெட்டுக்காக நாம் இழப்பது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கும்படி பெற்றோரைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை சொன்னவை உண்மைக்கும் பயத்துக்கும் இடையிலான சிக்கல்கள். உண்மையும் அன்பும் எதிரெதிரே நிற்பதாகத் தோன்றும் இடங்களில் பிள்ளைகள் படும் பாடு இன்னும் கடினமானது. வகுப்புத் தேர்வில் பக்கத்தில் இருக்கும் தோழி, "காட்டலைன்னா இனிமே உன்கூடப் பேச மாட்டேன்" என்று கிசுகிசுக்கிறாள். பத்து, பதினொரு வயதில் தோழி பேசாமல் போவது என்பது, மதிய இடைவேளையில் தனியாக அமர்ந்து சாப்பிடுவது, குழு விளையாட்டில் யாராலும் சேர்த்துக்கொள்ளப்படாமல் நிற்பது. காட்டியவள் கெட்ட பெண்ணல்ல. தோழியைக் கைவிட மனமில்லாதவள். "காப்பியடிக்க விடுவது தவறு" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அவளுடைய நல்ல குணத்தையே குற்றம் என்று சொல்லிவிடுகிறோம்.

இப்படி வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, தோழிக்கு உண்மையில் என்ன வேண்டியிருக்கிறது என்று. பின்னம் புரியவில்லையா, வீட்டில் படிக்க நேரமில்லையா, மார்க் குறைந்தால் அடி விழுமா? காரணம் கண்டுபிடிக்கப்பட்டதும், விடைத்தாளைக் காட்டுவதைத் தவிர வேறு உதவிகள் பிள்ளையின் கண்ணுக்கே தெரியத் தொடங்கும். "பரீட்சையில காட்ட மாட்டேன். ஆனா சாயங்காலம் உன்கூட உட்கார்ந்து கணக்குப் போடறேன்" என்ற வாக்கியத்தை நாங்கள் உரக்கச் சொல்லிப் பழகுவோம். நான் கோபித்துக்கொள்ளும் தோழியாக நடிப்பேன், பிள்ளை மறுத்துப் பேசும். முதல் தடவை குரல் தழுதழுக்கும், சில தடவைகளில் நிமிரும். வீட்டிலும் இதைச் செய்யலாம், அதற்கென்று தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை. மறுத்த பிறகும் தோழி சில நாட்கள் பேசாமல் இருக்கக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நல்லதைச் செய்தால் உடனே எல்லாம் நன்றாக நடக்கும் என்று நாம் வாக்களித்து அது நடக்காமல் போனால், அடுத்த முறை நம் சொல்லைப் பிள்ளை ஏன் நம்ப வேண்டும்?

இதைவிடச் சிறிய சங்கடங்களுக்கு வழி எளிது. அத்தை வாங்கி வந்த சட்டை பிடிக்கவில்லை என்றால், "சூப்பரா இருக்கு" என்று பொய் சொல்லும்படி கண்ணைக் காட்டவும் வேண்டாம், "நல்லாவே இல்ல" என்று போட்டு உடைக்கவும் விட வேண்டாம். "எனக்காகத் தேடிப் பார்த்து வாங்கிட்டு வந்தீங்களா அத்தை, நன்றி" என்பதும் உண்மைதான். சொல்வதற்கு இருக்கும் பல உண்மைகளில் கனிவான ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஏழு, எட்டு வயதுப் பிள்ளையால் முடியும். சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

இறுதியாக, போட்டுக்கொடுப்பது பற்றிய அச்சம். கூடப் படிப்பவனை யாரோ அடிப்பதைப் பார்த்தும், "கோள் சொல்றவன்" என்ற பெயருக்கு அஞ்சிப் பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. ஒருவனை மாட்டிவிடுவதற்காகச் சொல்கிறாயா, ஒருவனை ஆபத்திலிருந்து மீட்பதற்காகச் சொல்கிறாயா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளப் பழக்கினால், ஆறு வயதுப் பிள்ளையும் பிரித்தறியும். அதோடு, நண்பனின் ரகசியத்தைக் காப்பது நற்பண்பு என்று வளர்க்கும்போதே, அதற்கு உள்ள விலக்கையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்: உடலைத் தொட்டுவிட்டோ, பயமுறுத்தியோ, பரிசு கொடுத்தோ, "யார்கிட்டயும் சொல்லாதே" என்று பெரியவரோ மூத்த பிள்ளையோ சொன்னால், அந்த ரகசியத்தைக் காக்க வேண்டிய கடமை எந்தப் பிள்ளைக்கும் இல்லை. அம்மா, அப்பா, பாட்டி, வகுப்பாசிரியர் என்று தாராளமாகச் சொல்லக்கூடிய பெரியவர்களின் பெயர்களைப் பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு தாளில் எழுதிவைக்கலாம். அவர்களுள் ஒருவர் நம்பாவிட்டால் அடுத்தவரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதலாம். இரவு பகல் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கக்கூடிய 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை, அந்தத் தாளின் மேற்பகுதியில் பிள்ளையின் கையாலேயே எழுதவையுங்கள்.