பெயர் வைக்கும்வரை காத்திருக்க வேண்டாம்

2024 நவம்பர் கடைசி வாரம். முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றில் தாழ்வான பக்கத்துக் குடும்பங்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். மழை விட்டபாடில்லை. ஒரு ஐயா மட்டும் திண்ணையை விட்டு எழும்பவில்லை.

"புயலுக்குப் பேர் வைச்சிட்டாங்களோ பிள்ளை?"

இன்னும் இல்லை என்றேன்.

"பேரே வைக்கேல்லை. பிறகென்னத்துக்கு இந்த ஓட்டம்?"

அனர்த்த வேலைக்காக வன்னிக் கிராமங்களுக்குப் போய்வரும் எனக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. இப்போது ஒவ்வொரு மாரிக்கும் இதைக் கேட்கிறேன். பெயர் வந்தால்தான் புயல், பெயர் வராவிட்டால் வெறும் மழை என்று ஒரு கணக்கு மனதில் விழுந்துவிட்டது. அது ஆபத்தான கணக்கு.

அன்றைய மழையைக் கொண்டுவந்த தாழமுக்கம் எங்கள் கிழக்குக் கரையை ஒட்டி மேலேறியபோது அதற்குப் பெயர் இல்லை. 'ஃபெங்கல்' என்று பெயர் கிடைத்தது 29ஆம் திகதி. அதற்குள் அது எங்களைத் தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அம்பாறை மாவட்டக் காரைதீவில் உழவு இயந்திரத்தில் வந்த மதரசாப் பிள்ளைகளை வெள்ளம் இழுத்துப் போனது 26ஆம் திகதி. இன்று ஃபெங்கல் வெள்ளம் என்று சொல்கிறோம். அந்தப் பிள்ளைகள் போன நாளில் அப்படி ஒரு பெயர் அறிவிக்கப்பட்டிருக்கவே இல்லை.

சரி, பெயர் எதற்கு? அடையாளத்துக்குத்தான். 2023 ஒக்டோபரில் அரபிக் கடலில் 'தேஜ்', வங்காள விரிகுடாவில் 'ஹமூன்' என்று இரண்டு சூறாவளிகள் ஒரே நேரத்தில் நின்றன. இத்தனை பாகை வடக்கு, இத்தனை பாகை கிழக்கு என்று இரண்டுக்கும் மாறிமாறி அறிவித்தால் கடலில் நிற்கும் படகுக்காரருக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்? இரைச்சலுக்கு நடுவே வானொலியில் ஒரு சிறிய சொல் காதில் விழும், எண்கள் விழாது. எங்கள் மூத்தவர்களுக்கு ஆண்டுதான் பெயர். மன்னார், வவுனியாப் பக்கம் 'அறுபத்துநாலாம் ஆண்டுப் புயல்', மட்டக்களப்பில் 'எழுபத்தெட்டுச் சூறாவளி'. நடந்து முடிந்ததை நினைவில் வைக்க அது போதும். வரப்போவதைச் சொல்ல அது உதவாது.

பெயரிடும் பழக்கம் பழையது. மேற்கிந்தியத் தீவுகளில் புயல் அடித்த நாளுக்குரிய புனிதரின் பெயரால் அழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிளெமென்ட் ராக் என்ற வானிலையாளர் அவுஸ்திரேலியாவில் தனக்குப் பிடிக்காத அரசியல்வாதிகளின் பெயர்களைக்கூட வைத்தார். அமெரிக்கா 1953 முதல் பெண் பெயர்களையும், அத்திலாந்திக் புயல்களுக்கு 1979 முதல் ஆண் பெயர்களையும் சேர்த்து வைத்தது. எங்கள் கடலுக்கு இந்த ஒழுங்கு 2004இல்தான் வந்தது. முதற்பெயர் 'ஒனில்'. எட்டு நாடுகள் கொடுத்த 64 பெயர்களில் தொடங்கி, 2020இல் 13 நாடுகள் ஆளுக்குப் 13 பெயர் கொடுத்து 169 பெயர்கொண்ட புதிய பட்டியல் வெளியானது. வரிசையாக எடுத்து வைப்பது புதுடில்லியிலுள்ள வானிலை மையம். ஒருமுறை வைத்த பெயர் இங்கே திரும்ப வராது. 'கஜா' இலங்கை கொடுத்தது. 'அசனி'யும் நாங்கள் கொடுத்ததுதான், தமிழிலும் அசனி என்றால் இடி.

பெயர் ஒருவர் மனதையும் நோகடிக்கக் கூடாது என்பது விதி. 2013இல் இலங்கை கொடுத்திருந்த 'மகாசேன்' என்ற பெயர் வந்தபோது, குளம் கட்டிய அரசனின் பெயரை அழிவுக்கு வைப்பதா என்று இங்கேயே எதிர்ப்பு எழுந்தது. பெயர் மாற்றப்பட்டது. குளத்தை நம்பி வாழும் எங்களுக்கு அந்தக் கோபம் விளங்காததல்ல.

ஆனால் பெயர் எதை அளந்து வைக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். காற்றை, காற்றை மட்டும். மணிக்குச் சுமார் 62 கிலோமீற்றர் வேகத்தைத் தொடர்ந்து தொட்டால் பெயர், அதற்குக் கீழே என்றால் தாழமுக்கம். எத்தனை அங்குலம் மழை கொட்டும், எந்தக் குளம் நிரம்பி வழிந்து வான் பாயும் என்பதற்கும் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. காற்றுக் குறைந்த தாழமுக்கம் மெதுவாக நகர்ந்தால் ஒரே இடத்தில் நின்று கொட்டும்.

வன்னியை அழிப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். 2020 டிசம்பர் 2 இரவு 'புரெவி' திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியது. பெயர் வந்திருந்ததால் எல்லோரும் விழிப்பாக இருந்தார்கள், நான் நின்ற இடத்தில் பயந்த அளவு காற்று இல்லை. 2018 டிசம்பர் 21, 22இல் வந்த மழைக்கோ பெயரே கிடையாது. இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சனம் இரவோடிரவாக நனைந்த உடுப்போடு வெளியேறியது. காலபோக வயல் போனது, மாடுகள் போயின. பெயர் இல்லாததால் அந்த வெள்ளத்தை இன்று பாதிப் பேர் மறந்தும் விட்டார்கள். எனக்கு அதுதான் கூடிய கவலை.

எனவே இந்த மாரிக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. உங்கள் குளம் இன்று எத்தனை அடி? மேலேயுள்ள குளம் வான் பாய்ந்தால் தண்ணீர் எந்த வழியால் வரும், எத்தனை மணித்தியாலத்தில் வரும்? வட்டுவாகல் பாலம் மூடினால் கர்ப்பிணியை எந்தப் பாதையால் கொண்டுபோவது? கிராம அலுவலரிடம் கேளுங்கள், கமக்கார அமைப்பிடம் கேளுங்கள், அவசரமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்கள். கடலுக்குப் போகிறவர்கள் வளிமண்டலவியல் திணைக்களம் வேண்டாம் என்று சொன்ன நேரத்தில் வள்ளத்தை இறக்க வேண்டாம், பெயர் வந்ததோ இல்லையோ.

அந்த ஐயா கடைசியில் பேத்தி அழுததால் வந்தார். மறுநாள் காலை போனபோது அவர் திண்ணையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.