கண்டுபிடிப்பா, வெளிக்கொணர்வா?

கலிபோர்னியாவில் நடக்கும் ஒரு பணிநீக்க வழக்கின் தமிழாக்கத்தில், ‘கண்டுபிடிப்புக் கேள்விகளுக்கு மேலும் பதிலளிக்க நிர்ப்பந்திக்கும் இயக்கம்’ என்று இருந்தது. இயக்கம் என்றதும் கொடி பிடித்து யாரோ தெருவில் இறங்கிவிட்டார்கள் என்றே நினைத்தேன். மூலத்தில் ‘மோஷன்’, அதாவது மனு. சரி, அது போகட்டும். வழக்கு விசாரணைக்கு முன் எதிர்த்தரப்பிடம் உள்ள விவரங்களைக் கேட்டுப் பெறும் நடைமுறைக்கு ஆங்கிலத்தில் ‘டிஸ்கவரி’ என்று பெயர். அதைக் கண்டுபிடிப்பு என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. எத்தனையாவது முறை!

லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. அடிப்பொருள், மூடியை எடுத்தல். சட்டத்தில் இன்றும் அதே பொருள்தான்.

கண்டுபிடிப்பவர் தானே தேடிப் பிடிக்கிறார். இங்கே தேட வேண்டியதே இல்லை. விவரம் எதிராளியின் அலமாரியில் இருக்கிறது, அவர் தர மாட்டேன் என்கிறார். 1947இல் ஹிக்மன் எதிர் டெய்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கையிலுள்ள உண்மைகளை ஒரு தரப்பு மற்றதைக் கக்க வைக்கலாம் என்ற பொருளில் சொன்னது. கக்க வைப்பது எப்படி ஐயா கண்டுபிடிப்பாகும்? ‘வெளிப்படுத்தல்’ என்பாரும் உண்டு. அதுவும் சரிவராது. கேட்காமலே தானாகக் கொடுக்க வேண்டிய விவரங்களுக்கு அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளில் ‘டிஸ்க்ளோஷர்’ என்று வேறு பெயர் இருக்கிறது. வெளிப்படுத்தல் அதற்குத்தான் பொருந்தும். உடையவர் வெளிப்படுத்துவார், மற்றவர் வெளிக்கொணர்வார். ஆகவே வெளிக்கொணர்வு.

இப்படி வெளிக்கொணர எதிராளியிடம் எழுதிக் கேட்கும் கேள்விகளை (‘இன்டராகட்டரி’) ‘விசாரணை’ என்றால் காவல் நிலையம் நினைவுக்கு வரும், ‘எழுத்துவினா’ போதும். கலிபோர்னியாவில் வேலை வழக்குகளுக்கென்றே அச்சிட்ட எழுத்துவினாப் படிவம் உண்டு. ஊழியரை நீக்கியதற்கான எல்லாக் காரணங்களையும், முடிவில் பங்கெடுத்தவர்களின் பெயர்களையும் அதில் கேட்கலாம். வரும் பதில் பெரும்பாலும் இப்படி: ‘கேள்வி தெளிவற்றது, மிக விரிவானது, சுமையானது. இந்த ஆட்சேபங்களுக்கு உட்பட்டு, அவர் முறைப்படியே நீக்கப்பட்டார்.’ பெயர் ஒன்றுகூட இராது. நம் இலக்கணம் சொல்லும் எட்டு வகை விடைகளில் எதிலும் இது சேராது!

அப்புறம்தான் அந்த மனு. முதலில் எதிர்த்தரப்பு வக்கீலோடு பேசித் தீர்க்கப் பார்க்க வேண்டும். தீராவிட்டால், உறுதிமொழியோடு பதில் வந்ததிலிருந்து பொதுவாக 45 நாளுக்குள் மனுப் போட வேண்டும். தவறினால் அந்தப் பதிலோடு திருப்திப்பட வேண்டியதுதான். இதை ‘முழுவிடை கோரும் மனு’ என்றால் யாருக்கும் புரியும். ‘நிர்ப்பந்திக்கும்’ என்பது வேண்டாத சொல். நிர்ப்பந்திப்பது நீதிபதியின் ஆணை, மனு அல்ல. நம் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் கட்டளையிலும், போதாத விடைக்கு மேல்விடை கேட்க வழி இருக்கிறது. சொல்லுக்காக வெளிநாடு போக வேண்டியதில்லை.

மொழிபெயர்த்தவரிடம் கேட்டேன், ஏன் கண்டுபிடிப்பு என்று போட்டீர்கள் என்று. “உங்களுக்குப் புரிந்ததா இல்லையா?” என்றார். இலக்கணத்தில் இதற்கு வினா எதிர் வினாதல் என்று பெயர்.