தோப்பில் திருடன்: எதுவரை அடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும்?

நடுராத்திரி. காற்றே இல்லை, ஆனால் தோப்பில் காய் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. டார்ச்சும் கம்புமாகப் போய்ப் பார்த்தால், ஒருவன் தேங்காய்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருக்கிறான். அடிக்கலாமா?

தடுப்பதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அடிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் இதைத்தான் பேசுகின்றன. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இவை 96 முதல் 106 வரை இருந்தன. எண்கள் மாறின, உள்ளே இருப்பது பெரிதாக மாறவில்லை. திருட்டு, கொள்ளை, சேதம், அத்துமீறி நுழைதல் ஆகியவற்றிலிருந்து சொத்தைக் காக்கலாம். அது உங்கள் சொத்தாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பக்கத்துத் தோட்டத்து மோட்டாரைக் கழற்றுபவனையும் தடுக்கலாம்.

உயிர் போகும் அளவுக்குப் போகலாமா என்பதில்தான் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெறும் திருட்டுக்கு அந்த உரிமை கிடையாது. 41-ஆம் பிரிவு சில நிலைமைகளை மட்டும் சொல்கிறது: அடித்தோ மிரட்டியோ பறிக்கும் கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் கட்டடத்தை உடைத்து நுழைவது, குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் இடத்துக்குத் தீ, வெடி வைப்பது, தடுக்காவிட்டால் உயிரோ கைகாலோ போகும் என்று நியாயமாக அஞ்ச வைக்கும் திருட்டு, சேதம், வீடு புகுதல். பொருள் பாதுகாக்கும் கட்டடமும் இதில் வருவதால், பூட்டிய மோட்டார் ரூமுக்கும் திறந்த தோப்புக்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு. ஆனால் மோட்டார் ரூமிலும் தேவைக்கு மேல் போகக் கூடாது; 37-ஆம் பிரிவு எல்லாவற்றுக்கும் பொது. போலீஸைக் கூப்பிட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமையே இல்லை என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

சரி, எதுவரை துரத்தலாம்? பொருளோடு அவன் தப்பிப் போய்ச் சேரும் வரை, அல்லது போலீஸ் உதவி கிடைக்கும் வரை, அல்லது பொருள் மீளும் வரை. சாக்கைப் போட்டுவிட்டு ஓடினால் காய் உங்களுக்குத் திரும்பிவிட்டது, உரிமையும் அங்கேயே முடிந்தது. அதன்பின் முதுகில் விழும் அடி தற்காப்பு ஆகாது. மறுநாள் டீக்கடையில் பார்த்து அடிப்பதும் அப்படித்தான். மரத்தில் கட்டிவைத்து ஊரே சேர்ந்து அடிக்கும் வழக்கம் இருக்கிறதே, அதில் செத்துப்போனால் கொலை வழக்குதான். பிடிக்க உரிமை உள்ள குற்றமாக இருந்து, நீங்களே பிடித்தாலும், தாமதிக்காமல் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். இன்னொன்று: 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் தடவை திருடியவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், புதிய சட்டத்தில் அவனுக்குத் தண்டனை சமூக சேவைதான். ஒரு சாக்குத் தேங்காய்க்காக நீங்கள் ஜெயிலுக்குப் போக வேண்டுமா?

வேலியில் கரண்ட் விடுபவர்களுக்கு ஒரு பழைய வழக்கு. பீகாரில் ஒருவர், தன் கழிப்பறைக்கு அக்கம்பக்கத்தார் வராமல் இருக்க, போகிற வழியில் மின்சாரம் பாயும் கம்பியைக் கட்டினார். பக்கத்து வீட்டுப் பெண் அதில் பட்டு இறந்தார். 'அத்துமீறி வந்தார், தற்காத்தேன்' என்ற வாதத்தை 1963-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்த குற்றம் உறுதியானது. கம்பிக்குப் பன்றி எது, திருடன் எவன், ஆடு தேடி வரும் பக்கத்து வயல்காரர் யார் என்று தெரியாது.

நிலத் தகராறில் இன்னொரு சிக்கல். பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும், வேறொருவர் வெகுநாளாக, உங்களுக்கும் தெரிந்தே, பயிர் வைத்து அனுபவித்துவந்தால், ஆட்களோடு போய் அந்தப் பயிரை அழிக்க முடியாது. அப்படிப் போனால் தற்காப்பு உரிமை எதிராளிக்கே கிடைக்கலாம் என்பது 1975-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிவில் கோர்ட்தான் வழி. வருஷக்கணக்கில் இழுக்கும், தெரியும்.

அடிதடி நடந்துவிட்டால், தற்காப்புக்காகத்தான் அடித்தேன் என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டாம்; நடந்திருக்கக் கூடியதுதான் என்று கோர்ட் நம்பினால் போதும். பயத்தில் வீசிய அடியைத் தங்கம் எடைபோடுகிற தராசில் நிறுத்திப் பார்ப்பதில்லை என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனாலும் 112-க்கு நீங்கள் முதலில் போட்ட போன், உங்கள் உடம்பில் பட்ட காயத்துக்கு அரசு ஆஸ்பத்திரியில் எழுதிய சீட்டு, இரண்டும் அங்கே பெரிய சாட்சி.